தடிச் சத்தமும் எங்கள் பூரியும்

டொக்... டொக்... டொக்...

தார்ச்சாலையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டால் போதும். பூரியின் காது நிமிரும், முதுகு மயிர் சிலிர்க்கும். அடுத்தது பாய்ச்சல்தான். பின்னாலேயே கயிறோடு நான்...

பூரி எங்கள் நாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரிடமோ தடியடி பட்டுக் கிடந்த குட்டி. வயிறு உப்பியிருந்ததால் அந்தப் பேர். எங்கள் வீடோ கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில். சாமியார் கையில் கோல், நடக்க வரும் பெரியவர் கையில் கோல்... தடியைக் கண்டால் ஆகாத நாய்க்கு இதைவிடத் தோதான ஊர் உண்டா, சொல்லுங்கள்!

ஒரு பௌர்ணமியன்று காலை, அவள் பாய்ந்ததில் மிரண்டு ஒரு பெரியவர் விழப் போனார். டீக்கடைக்காரர்தான் ஓடி வந்து தாங்கினார்.

"டீச்சரம்மா, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நாய் புடிக்கிற வண்டிய நானே வரச் சொல்லிடுவேன். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றே பூரியைப் பழக்குவது என்று முடிவு செய்தேன்.

கணக்கு என்றாலே அழும் பிள்ளைக்கு எடுத்ததும் வகுத்தலா சொல்லித் தருவோம்? புளியங்கொட்டையில் தொடங்குவோம். அப்படித்தான் செய்தேன். தூரத்தில் கோல் தெரியும்போதே நின்று, ஒரு துண்டு பொறை ரொட்டி கொடுத்து, வந்த வழியே திரும்பிவிடுவேன். நாளாக ஆகக் கொஞ்சம் கிட்டே. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம்; அன்று நடை மொட்டை மாடியோடு சரி. ஒரு நாள் தேறுவாள், மறுநாள் எல்லாம் பழையபடி. பல நாள் கயிற்றைக் கையில் எடுக்கவே அலுப்பாக இருக்கும்.

"ஸ்கூல்தான் உன்னை ரிட்டயர் பண்ணுச்சு. இவ பண்ண மாட்டா போல" என்பார் வீட்டுக்காரர்.

இப்போது பூரிக்கு முகமெல்லாம் நரை. எனக்கு மூட்டு வலி. டாக்டர் கோல் ஊன்றச் சொல்லிவிட்டார். வாங்கி வந்த கோலைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தேன்... அவளுக்குப் பயந்துதான்.

போன வாரம் அதைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் பொறை வைத்தேன். வெகுநேரம் மோந்தாள். பொறையைத் தின்றாள். கோலை ஒட்டியே படுத்துக்கொண்டாள்.

நேற்று இருவரும் வெளியே போனோம்.

"இன்னா டீச்சரம்மா, கடைசில நீங்களே தடி எடுத்துட்டீங்களா!" டீக்கடைக்காரர் சிரித்தார். பூரிக்கு ஒரு பொறையும் போட்டார்.

அப்போதெல்லாம் அவள் இழுப்பாள், நான் ஓடுவேன். இப்போது கயிறு தொய்ந்து தொங்குகிறது. நான் வந்து சேரட்டும் என்று நின்று நின்று நடக்கிறாள்.

எதிரே வேறொரு டொக் டொக் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கைதான் கயிற்றை இறுக்கிப் பிடித்தது...