நெய் ரோஸ்ட்டுக்கு நேரே எழுதிய எண்

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சைவ ஓட்டல் இருந்தது. காலையில் இட்லி, பொங்கல், பூரி. சாயங்காலம் ரோஸ்ட். இருட்டின பிறகு பரோட்டாவும் குருமாவும். நான் மதுரையில் மனையியல் படித்தவள். எந்த உணவில் என்ன சத்து, ஒரு உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் எங்கள் பாடத்தில் இருந்தன. கல்யாணமாகி ஓட்டல்காரர் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2006ஆம் வருடம் என் கணவருக்குக் குதிகாலில் ஒரு புண் வந்தது. செருப்பு கடித்த புண்தான். ஆறவே இல்லை. தேனிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தபோது சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டைப் பாத்துக்கங்க" என்றார். ஓட்டல் நடத்துகிறவரிடம் அப்படிச் சொல்வது சுலபம். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டே பல வருடங்கள் ஆகியிருந்தன. காலையில் பொங்கலில் உப்புப் பார்ப்பார். வடை முதல் ஈடு எடுத்ததும் ஒன்று. கல்லாவில் உட்கார்ந்துகொண்டே இன்னொன்று. பரோட்டா போடும்போது பதம் பார்க்க ஒரு பாதி. கேட்டால், "நான் எங்கனத்தா சாப்பிட்டேன்? ருசிதான பாத்தேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதாகவே அவருக்குத் தெரியாது.

அவருக்குப் புரியவைக்கத்தான் நான் கலோரிக் கணக்கை எடுத்தேன். கல்லூரிப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கி, தராசை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். ஒரு கரண்டி மாவு எவ்வளவு, ஒரு தட்டுப் பொங்கலுக்கு எவ்வளவு நெய் என்று எடை போட்டேன். பரோட்டா மாஸ்டருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் தேவாரம். நான் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கித் தராசில் வைத்ததும் பதறிவிட்டார்.

"அக்கா, எண்ணெய்க்குக் கணக்குப் பாத்தா பரோட்டா மடிப்பு விடாதுக்கா."

"நீங்க எப்பவும் ஊத்துற மாதிரி ஊத்துங்க. எம்புட்டு ஊத்துறீகன்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்."

அன்று அவர் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஊற்றினார். மறுநாள் அவருக்குத் தெரியாமல் மறுபடி அளந்தேன்.

கணக்கை என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவருக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. கம்பத்திலிருந்து தேனி வரை இந்த மாதிரி யாரும் போடவில்லை, நம் பலகையில் போட்டால் நாலு பேர் பேசுவார்கள் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சுவரில் இருந்த விலைப்பலகையில் விலைக்குப் பக்கத்தில் சிவப்பு வண்ணத்தில் இன்னொரு வரிசை எழுத வைத்தோம். இட்லி ஒன்றுக்கு அறுபது. வடை நூற்றைம்பது. பரோட்டா ஒன்றுக்கு இருநூற்றெண்பது. நெய் ரோஸ்ட் முந்நூற்றெண்பது. பொங்கல் நானூறு.

முதல் நாள் காலை உள்ளே வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏப்பா, பொங்கல் நானூறு ரூவாயா?"

அன்றைக்கு முழுக்க இதே கேள்விதான். விலை கறுப்பில் இருக்கிறது, சிவப்பில் இருப்பது கலோரி என்று சப்ளையர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். கலோரி என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, சாப்பாட்டில் இருக்கும் தெம்பின் அளவு என்று நானே போய்ச் சொன்னேன்.

அந்தப் பதில் நான் நினைத்ததற்கு நேர்மாறாக வேலை செய்தது. திராட்சைப் பெட்டி ஏற்றும் லோடுமேன்கள் நாலைந்து பேர் காலை பத்து மணி வாக்கில் வருவார்கள். அவர்களில் உயரமானவர் ஒருவர் பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"இதுல எது கூட?"

"பொங்கலும் வடையும்" என்றார் சப்ளையர்.

"அப்ப எல்லாருக்கும் அதையே வையி. இம்புட்டு நாளா இட்லியத் தின்னு ஏமாந்திருக்கோம்லே."

நான் இடையில் புகுந்து, அதிகமாக இருப்பதைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் போட்டது என்றேன். அவர் என்னை மரியாதையாகத்தான் பார்த்தார்.

"மதியம் வரைக்கும் பெட்டி தூக்கணும்க்கா. கம்மியாத் தின்னா நடுவுல மயங்கிருவோம்ல?"

அவர் சொன்னது அவருக்குச் சரி. பொங்கல் அன்றிலிருந்து சீக்கிரமே தீர ஆரம்பித்தது. என் கணவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் அவரையும் பலகை விடவில்லை. அவர் கல்லாவில் வடையைக் கையில் எடுத்தால் வாடிக்கைக்காரர்கள் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "மொதலாளி, நூத்தம்பதா?" என்று சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் கல்லாவில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை. பேருந்து நிலையத்துக்குள் பஜ்ஜி போடுகிற அம்மாதான் ஒருநாள் என்னிடம் பேச்சுவாக்கில், "ஒங்க வீட்டுக்காரவுக எங்கடையில தினமும் ரெண்டு பஜ்ஜி சாப்பிடுறாக. ஓட்டல்காரவுகளே விரும்பிச் சாப்பிடுறாகன்னு எனக்குப் பெருமை" என்றார். அங்கே பலகை கிடையாது.

இதற்கிடையில் இன்னொன்றைக் கவனித்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் தினமும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்துபோவார். கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. பள்ளி விட்டதும், பேருந்து வருவதற்குள் எங்கள் ஓட்டலில் ஓரத்து மேசையில் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிடுவார். யாரோடும் பேசமாட்டார். ஓரத்து முறுகலை முதலில் ஒடித்துத் தின்பார். கடைசியில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டு எழுந்திருப்பார். பலகை எழுதிய கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றுபோனது. அவர் கிறிஸ்தவர். தவக்காலம் தொடங்கியிருந்ததால், வருடா வருடம் போல நோன்புக்காக ரோஸ்ட்டை விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்தது. அப்போதும் வரவில்லை.

பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. கழுத்தெலும்பு தெரிந்தது. ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது.

"உடம்புக்கு என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பாட்டைக் கொறச்சிருக்கேன்."

"எதுக்கு? டாக்டர் சொன்னாகளா?"

அவர் சிரித்தார். "ஒங்க போர்டுதாம்மா சொல்லுச்சு. நான் கணக்கு டீச்சர். நம்பரைப் பாத்தா என்னால கூட்டாம இருக்க முடியாது. ஒரு ரோஸ்ட் முந்நூத்தெம்பது. வீட்டுல போய் அம்மாவுக்குச் சோறு பிசையும்போது அதையும் கூட்டுறேன், நான் திங்கிறதையும் கூட்டுறேன். எங்க நிறுத்தணும்னு தெரியல. அதான் எல்லாத்தையும் நிறுத்திக்கிட்டு வரேன். போன வாரம் வகுப்புல கிறுகிறுன்னு வந்து மேசையப் பிடிச்சுக்கிட்டேன்."

அவருடைய பேருந்து வந்துவிட்டது. அதை விடச் சொல்லி, கையைப் பிடித்து ஓட்டலுக்குக் கூட்டிவந்தேன். ஓரத்து மேசையில் உட்கார வைத்து, எதிரில் நானும் உட்கார்ந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை அவர் என்னென்ன செய்கிறார் என்று கேட்டேன். சமையல், அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவது, பேருந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம், மறுபடி வீட்டு வேலை. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கலோரியாவது வேண்டும் என்று சொன்னேன்.

"ரெண்டாயிரமா?" என்று பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் வரிசை வரிசையாக ஓடியது. கூட்டுகிறார் என்று தெரிந்தது. "நான் ஆயிரத்தையே தாண்டலையேம்மா. இதை நீங்க போர்டுல போடவே இல்லையே?"

உண்மைதான். ஒவ்வொரு பலகாரத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று எழுதினோமே தவிர, ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு அது பாடமாகத் தெரிந்த விஷயம், அதனாலேயே எழுதத் தோன்றவில்லை. அன்று டீச்சர் ரோஸ்ட் வேண்டாம் என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

அந்த வாரமே பலகையின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன்: நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும், பாரம் தூக்குகிறவருக்கு இன்னும் அதிகம், உட்கார்ந்தே இருக்கிறவருக்குக் குறைவு. லோடுமேன்கள் அதைப் படித்துவிட்டு மறுபடி பொங்கலையே கேட்டார்கள். டீச்சர் ஒரு மாதம் கழித்து வந்தார். "இன்னிக்குக் கணக்குல எடம் இருக்கும்மா" என்று ரோஸ்ட் சொன்னார். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். அவர் பழையபடி எதையும் நினைக்காமல் சாப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முறுகலை ஒடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவார். ஆனால் முகத்தில் சதை பிடித்தது, கிறுகிறுப்பும் வரவில்லை என்றார்.

என் கணவரிடம் பஜ்ஜி விவகாரத்தை நான் சண்டையாகக் கேட்கவில்லை. காலை கூட்டம் தணிந்ததும் கல்லாவில் மாஸ்டரை உட்கார வைத்துவிட்டு, அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். தட்டு வைத்துத் தோசையும் கீரையும் பரிமாறி, நானும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடினார். ஒரு மாதத்தில் மெதுவாகச் சாப்பிடப் பழகினார்.

"உக்காந்து தின்னா வயிறு நெறைஞ்சது தெரியுதுத்தா" என்றார் ஒருநாள், புதிதாக எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி.

பஜ்ஜி முழுக்க நிற்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. மாத்திரை கூடவில்லை, அதுவே போதும் என்றார் மருத்துவர்.

2010இல் ஓட்டல் சுவரை இடித்துக் கட்டினோம். பழைய பலகை போய், பிளக்ஸ் போட வேண்டியிருந்தது. தேனியில் ஒரு கடையில் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர் கடைசி வரிசை எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். தட்டிக்கொண்டே வந்தவர் பரோட்டாவில் நின்றுவிட்டார்.

"இருநூத்தெம்பது ஒண்ணுக்கா, நாலு சேத்தாக்கா?"

"ஒண்ணுக்குத்தான்."

"நேத்து நாலு சாப்பிட்டேன்க்கா" என்றார். பிறகு நெய் ரோஸ்ட்டின் எண்ணைத் தட்டத் தொடங்கினார்.