செவ்வாய்க்கிழமைக்கு வைத்த பனங்கிழங்கு

மைதீன் நானா இறந்த செய்தியை எனக்கு அவருடைய நாற்காலிதான் முதலில் சொன்னது. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோல சிலாங்கூர் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்து, எடை பார்க்க ஏறி நின்றேன். என் பக்கத்து நாற்காலியில் விரிப்பு போடவில்லை. அதன் மெஷினும் அணைந்திருந்தது. தாதி திலகா என் கையில் இரண்டாவது ஊசியையும் ஏற்றி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகுதான், "நானா இனிமே வரமாட்டாரு அங்கிள். நேத்து காலைல வீட்டுலயே... அவரு மகன் இப்பத்தான் போன் பண்ணாரு" என்றாள். ஊசி ஏற்றிய பிறகு சொன்னாள், கெட்டிக்காரி. முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

திங்கட்கிழமை மாலையே அடக்கமும் முடிந்துவிட்டதாம். எங்களுக்கு யார் சொல்வார்கள்? வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். ஆனால் சாவு விழுந்தால் போன் போடும் பட்டியலில் டயாலிசிஸ் கூட்டாளிகள் பெயர் இருக்காது. சொந்தக்காரர்களுக்கு நாங்கள் யாரென்றே தெரியாது.

அன்றைக்கு என் காலடியில் ஒரு பை இருந்தது. பைக்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள், அவருக்காக என் மனைவி சரோஜா அவித்த ஐந்து பனங்கிழங்குகள். இந்த அஞ்சலியை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கிழங்குக்காகத்தான். நல்ல மனிதர், பொறுமைசாலி என்றெல்லாம் மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இதை எழுத என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

உங்களில் பலர் அவர் கை மீ கோரேங் நூடுல்ஸைச் சாப்பிட்டவர்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர், கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து உணவுக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் வாணலியைப் பிடித்தார். மலாய்க்காரர், சீனர், தோட்டத்துத் தமிழர் என்று எல்லார் நாக்கும் அவருக்கு அத்துப்படி. "கடையில நான் ஆக்குனது பூரா அடுத்தவன் நாக்குக்கு மணியம். என் நாக்கு ஊர்லயே கெடக்கு" என்பார் என்னிடம்.

என்னை முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது நான் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. லோரி ஓட்டியவன் நான். பினாங்குக்கும் ஜொகூருக்கும் போய் வந்தவனை ஒரு நாற்காலியில் குழாயால் கட்டிப்போட்டால் எரிச்சல் வராதா? பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "தம்பி, காலைல என்ன சாப்ட்டீங்க?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல, மூஞ்சியப் பாத்தா ஊசிப்போன கறியத் தின்ன மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

திலகா சிரித்துவிட்டாள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி மெஷின் கத்தியது. அன்றிலிருந்து ஆறு வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பிடக் கூடாத இரண்டு பேர் வேறு எதைப் பேசுவது?

சிறுநீரகம் போனவனுக்கு என்னென்ன தடை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடிக்கும் தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது, கிழங்கு ஆகவே ஆகாது. இவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பயமுறுத்தல் இல்லை, உண்மைதான். ஆனால் நாற்காலிக்காரர்களான எங்களுக்குள் ஒரு கள்ளப் பழக்கம் உண்டு. மெஷினில் ஏறிய முதல் மணி நேரத்தில் ஆசைப்பட்டதில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வது. மிச்ச மூன்று மணி நேரத்தில் மெஷின் அதைக் கழுவி எடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. டாக்டருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். "மொத மணி நேரம் நம்ம மணி நேரம்" என்பார் நானா. ஒரு சின்ன டின்னில் பாதி வாழைப்பழம் கொண்டுவந்து, அதிலும் பாதியை எனக்கு நீட்டுவார். திலகா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல லா" என்பாள்.

ஒரு தடவை துணிந்து ஒரு சுளை டுரியான் கொண்டுவந்துவிட்டார். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க வாடை. திலகா ஓடி வந்து, "யாரு லா இது? சொல்லிருங்க!" என்று கத்தினாள். பத்து நாற்காலியிலும் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கினோம். கண்ணை மூடிய நானாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஆனால் அவருக்கு வாழைப்பழமும் டுரியானும் சும்மா. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆவணியில பனம்பழம் விழும் மணியம். கொட்டைய எடுத்து மணல்ல பாத்தி கட்டிப் பொதைச்சிருவோம். மார்கழி, தையில தோண்டுனா முழ நீளத்துக்குக் கெழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு மணி நேரம் அவிச்சு, ரெண்டாப் பொளந்து, நடுக்குருத்த எடுத்துப் போட்டுட்டு, தும்ப உரிச்சு உரிச்சுத் திங்கணும். லேசாக் கசக்கும். அந்தக் கசப்பு இருக்கு பாரு..." அங்கே நிறுத்திவிடுவார். நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொள்வேன்.

பதிலுக்கு நானும் என் கதையைச் சொல்வேன். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் எங்கள் தோட்டம். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் அம்மா நட்ட மரவள்ளிக்கிழங்கு, ரப்பர் விறகில் அவித்து, இடித்த நெத்திலி சம்பலோடு. இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. வரிசையாக மாடிவீடுகள். ஒருநாள் பசாரில் மரவள்ளி வாங்கி, சரோஜாவை விட்டுச் சின்னச் சின்னதாக நறுக்கி, பொட்டாசியம் இறங்க இரண்டு தண்ணீர் கொட்டி அவிக்கச் சொல்லி, நானாவுக்குக் கொண்டுபோனேன். கிழங்குக்குக் கிழங்கு சரியாகிவிடும் என்று ஒரு மடத்தனம். முதல் மணி நேரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது ஒன் ஊரு" என்றார்.

போவதற்கு அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மதுரையில் ஒரு நிலையத்தில் எழுதிக் கேட்டு, அங்கே வாரம் மூன்று நாள் செய்துகொள்ள ஏற்பாடு பண்ணி, பனங்கிழங்குக் காலம் பார்த்து விமானச் சீட்டும் எடுத்தார். பத்து நாற்காலிக்கும் சொல்லிவிட்டார். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஊசி போடும் கையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். பயணம் நின்றது. அடுத்த தடவை வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு ஊரு இருக்கு, போக முடியல. ஒனக்குப் போக முடியும், ஊரு இல்ல. நம்மள ரெண்டு நாள் கயித்துல கட்டிப் போட்டிருக்கான் மணியம். அந்தக் கயிறு கடல் தாண்டாது."

அதற்குப் பிறகு அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் மெஷினில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, கண் செருகி, "கெழங்கு வெந்துருச்சா? எறக்கிட்டியா?" என்று யாரிடமோ கேட்டார். திலகா காலைத் தூக்கிப் பிடித்து மருந்து ஏற்றினாள். தெளிந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரே ஒரு கெழங்கு மணியம். தின்னுட்டுப் போய்ச் சேந்தாக்கூடப் பரவாயில்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருங்க நானா, சின்னப்புள்ள மாதிரி" என்று அதட்டினேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் அடித்துக்கொள்வது?

அதட்டிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. அவர் வேலை செய்த அதே கடையில், அந்த ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த ஒரு தொழிலாளி லீவில் ஊருக்குப் போகிறான் என்று தெரிந்தது. போய்க் கெஞ்சினேன். தை மாதம்தானே, கொண்டுவருகிறேன் என்றான். சொன்னபடி, காகிதத்தில் சுற்றிய ஐந்து பச்சைக் கிழங்கைச் சனிக்கிழமை மாலை என் கையில் கொடுத்தான். அன்று காலைதான் நானாவும் நானும் மெஷினிலிருந்து இறங்கியிருந்தோம்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். எங்களுக்கு அடுத்த முறை செவ்வாய்க்கிழமைதான். இடையில் ஞாயிறும் திங்களும் மெஷின் கிடையாது. வாரத்திலேயே நீளமான, ஆபத்தான இடைவெளி அதுதான். அந்த நேரத்தில் கிழங்கு கொடுத்தால் அவரை நானே கொன்றதாக ஆகும். செவ்வாய்க்கிழமை, முதல் மணி நேரத்தில் கொடுப்போம், அவர் சொன்ன மணி நேரத்திலேயே கொடுப்போம் என்று முடிவு பண்ணினேன். பெரிய புத்திசாலி. அவர் வீடு எனக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஆசை தாங்காமல் போன் பண்ணினேன். குரலில் இரைப்பு இருந்தது. "மூச்சு வாங்குது மணியம். தண்ணி கொஞ்சம் கூடப் போச்சு போல."

"தண்ணியக் கொறைங்க நானா, எத்தன தடவ சொல்றது!" என்று அதற்கும் அதட்டல். பிறகு, "செவ்வாக்கெழம ஒங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றேன்.

"என்ன?"

"வந்து பாருங்க."

அவர் மெதுவாகச் சிரித்தார். "செவ்வா ரொம்ப தூரம் மணியம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மூச்சு வாங்கினால் நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது என்று ஆறு வருஷம் அதே நாற்காலியில் கிடந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. கிழங்கைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்பதிலேயே என் புத்தி இருந்தது. பனங்கிழங்கு என்று அந்த ஒரு சொல்லையாவது போனில் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்ட சந்தோஷத்தோடாவது போயிருப்பார். திங்கட்கிழமை மாலை, அவர் சொன்ன பக்குவத்திலேயே மஞ்சளும் உப்பும் போட்டுச் சரோஜா கிழங்கை அவித்தாள். அந்த நேரத்தில்தான் அவரை மண்ணில் இறக்கியிருக்கிறார்கள்.

புதன்கிழமை டப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மகன் ரஃபீக் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், நல்ல பிள்ளை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன அங்கிள்?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்க வாப்பா ஊருப் பனங்கெழங்கு தம்பி. இதுக்காக எப்படி ஏங்குனாருன்னு தெரியாதா?"

"வாப்பா வீட்டுல ஒண்ணுமே கேட்டதில்ல அங்கிள். எத வச்சாலும் சாப்ட்டுட்டு எந்திரிச்சுருவாரு. ஒருநாள்கூட இதச் சொன்னதே இல்லயே" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தான். மரியாதைக்காக மென்றான். "கொஞ்சம் கசக்குது லா அங்கிள்" என்று மெதுவாகக் கீழே வைத்தான். பையன் மேல் என்ன தப்பு? வீட்டில் ஆக்கிப் போடும் மருமகளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் முழு ஏக்கத்தையும் கொண்டுவந்து என் காதில் கொட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

எங்களில் என்றால் இலை போட்டுப் படைத்திருப்பேன். காக்காய்க்காவது ஒரு வாய் வைத்திருப்பேன். அவர்களில் அது கிடையாது. ரஃபீக் கூட்டிப்போய் மண்ணறையைக் காட்டினான். வெறுங்கையோடு நின்றுவிட்டு வந்தேன். உயிரோடு இருந்தபோதும் கொடுக்கவில்லை, செத்த பிறகும் கொடுக்க ஒரு வழி இல்லை.

வியாழக்கிழமை மெஷினில் ஏறிய முதல் மணி நேரத்தில், திரும்பக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். திலகா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் ஊசி. இருக்கும் ஒரு கையால் கிழங்கைப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டு, தும்பைப் பல்லால் உரித்தேன். கசந்தது. லேசாக எல்லாம் இல்லை, நன்றாகவே கசந்தது. நான் பார்த்தே இராத அந்த ஊர் மேல் எனக்கு அப்போது வந்த ஏக்கத்தை என்னவென்று சொல்வேன்! வாய்விட்டு அழுதேன். மற்ற எட்டு நாற்காலிக்காரர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நானா, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது மூன்று. உறைபெட்டியில் கிடக்கிற கடைசிக் கிழங்குகள். சரோஜா தூக்கிப் போடச் சொல்கிறாள், நான் விடவில்லை. உங்கள் மகனுக்குத் தெரியாத உங்கள் ஊர். அப்புறம் போனில் நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த நாலு சொல். சனிக்கிழமைகளில் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டுத் திலகா எப்போதும்போல், "செவ்வாக்கெழம பாப்போம் அங்கிள்" என்கிறாள். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.