சல்லடை மேடமும் சாய்ந்த படங்களும்

நூலகப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். கேன்டீன் டீ வாயில் வைக்க விளங்காது. சல்லடை மேடம் யாரையும் நம்பமாட்டார். டீயைச் சரிசெய்யப் பலர் முயன்றிருக்கிறார்கள். மேடத்தைச் சரிசெய்ய முயன்றவர் அவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் கல்யாணமான புதிதிலேயே கையைக் கழுவிவிட்டார்.

சல்லடை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மேடத்துக்கும் அது தெரியும். யார் வைத்தது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் என்று பேச்சு. கடையில் தக்காளி நிறுத்தால் அவர் கண் முள்ளைப் பார்க்காது, கடைக்காரரின் விரலைப் பார்க்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடினால், நிஜமாகத்தான் தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் ஒரு சோதனை நடக்கும். நாத்தனார் போன் செய்து, "சும்மாதான் அண்ணி கூப்பிட்டேன்" என்றால் போதும், அன்று முழுக்க அந்த 'சும்மா'வைக் குடைந்துகொண்டே இருப்பார்.

அந்தக் குணமே அவரை நல்ல ஆசிரியராக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தது கணினியில் இருக்கும் ஆவணங்களைக் கெடாமல் பேணும் வேலை. காகிதத்தைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினிக் கோப்பு கெட்டுப்போனால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. கேட்டவர் கையில் கொடுக்கும்போதுதான் குட்டு உடையும்.

"ஃபைலோட பேர நம்பாதீங்க. தேதிய நம்பாதீங்க. கொண்டுவந்து குடுத்தவர் ரொம்ப நல்லவர்னு நம்பாதீங்க" என்பார். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி கணக்குப்போட்டுத் தரும் நீண்ட எண் ஒன்று உண்டு. மேடம் அதற்குக் கைரேகை என்று பெயர் வைத்திருந்தார். கோப்புக்குள் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். வந்த அன்றே கைரேகையை எடுத்து வைத்துவிட்டால், பிறகு தினமும் கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. "முதல்ல வந்ததுதான் மூலம். அப்புறம் மாறினது எதுவா இருந்தாலும், யாரு மாத்தினா, ஏன் மாத்தினான்னு தெரியற வரைக்கும் நம்பக் கூடாது." வருஷா வருஷம் பிள்ளைகள் இதை எழுதித் தேர்ச்சி பெற்று வேலைக்குப் போனார்கள்.

அந்த வருடம் வகுப்பின் பயிற்சிக்கு வந்தவை, மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவின் படங்கள். ஸ்டுடியோக்காரரின் மகள் ஒரு டிஸ்கில் கொண்டுவந்து கொடுத்து, "அப்பா உசிரே இதுலதான் இருந்துச்சு, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாஸ்போர்ட் படத்துக்காக விறைத்த முகங்கள், அழுது முடித்த குழந்தைகள், முதலாளியை நடுவில் உட்காரவைத்த கம்பெனிப் படங்கள். ஸ்கேன் செய்த ஆள் என்ன அவசரத்தில் இருந்தானோ, பாதிப் படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. பிள்ளைகளின் வேலை ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதுவது. படத்தில் கை வைக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் மேடம் ஆய்வகத்துக்குள் நுழையும்போது திரையில் சிவப்பு தெரிந்தது. நாலைந்து படங்களின் கைரேகை மாறியிருந்தது. மறுநாள் வேறு சில படங்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. யார் யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று கணினி குறித்து வைத்திருக்கும். மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பான படங்களையெல்லாம் விடிந்ததும் தொட்டிருந்தது ஒரே ஆள், வகுப்பில் கண்ணாடிக்காரி என்று கூப்பிடப்படும் பெண். தொட்டது மட்டுமில்லை, தனியாக எடுத்துவைத்திருந்த பத்திரப் பிரதியிலிருந்து பழைய படத்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்துமிருந்தாள்.

மேடத்துக்குக் கதை முழுக்க விளங்கிவிட்டது. தானே கலைத்துத் தானே அடுக்கி நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள். இல்லாவிட்டால் எல்லாருக்கும் முன்னால் வந்து ஆய்வகத்தில் அவளுக்கு என்ன வேலை?

அந்தப் பெண் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டு படிப்பவள். அதிர்ந்து பேசமாட்டாள். இதுவும் மேடத்துக்கு உறுத்தியது. ஒருநாள் அவளே மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், சாயங்காலம் யாராவது படத்த நிமித்திப் பாக்கறாங்களா?"

"ஏன் கேக்கற?"

மேடம் பார்த்த பார்வையில் அவள் இரண்டடி பின்னால் போனாள். "இல்ல மேடம். சும்மாதான்."

சும்மாவாம். மேடம் அதைப் பத்திரமாக மனசில் முடிந்துவைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் வழக்கம்போல எல்லாரும் போனபின் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து, பிள்ளைகள் எழுதிய விவரங்களைப் படங்களோடு ஒத்துப்பார்த்தார். வீட்டுக்கு வந்து கழுத்துப்பட்டையைக் கழற்றிவைத்தார். எந்நேரமும் திரையைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருந்தது. வேலை நேரத்தில் பட்டை போட்டாக வேண்டும். வீட்டுக்காரர் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆளு கெடச்சாச்சா?"

"கெடச்ச மாதிரிதான். கையும் களவுமா பிடிக்கணும்."

"எல்லாரையும் பாத்துட்டியா? ஒருத்தரும் பாக்கி இல்லையே?"

"ஒருத்தரும் பாக்கி இல்ல."

அவர் தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த வாரமே ஆவணக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே அதிகாரி, மேடத்தின் பழைய மாணவர். காலியாக இருக்கும் ஒரே இடத்துக்குக் கண்ணாடிக்காரி விண்ணப்பித்திருக்கிறாள், ஆள் எப்படி என்று கேட்டார்.

"வேலை தெரியும்" என்றார் மேடம். "கை சுத்தமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

ஒரே வாக்கியம்தான். அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மேடத்தின் பேச்சு அங்கே அவ்வளவு செல்லும். கையோடு அவளை ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்றும் மேடம் சொல்லிவிட்டார். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் குற்றமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை திரை சிவப்பு. முன்பு நாலைந்து சிவந்து, பிறகு பச்சைக்குத் திரும்பும். இப்போது திருப்பிவைக்க ஆளில்லை. அதனால் சிவந்தது சிவந்தபடியே கிடக்க, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. ஆய்வக உதவியாளர் மேல் சந்தேகம் திரும்பியது. அவரோ அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தார். மேடம் பூட்டை மாற்றினார். சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். விடிந்ததும் போய்த் திறந்தால் சிவப்பு.

கதவு உடைபடவில்லை. சாவி பையை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் போனபின் உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர்தான். மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தின சாயங்காலம் தான் செய்ததை அப்படியே மறுபடி செய்துபார்த்தார்.

பக்கவாட்டில் கிடந்த ஒரு படத்தைத் திறந்தார். கழுத்தைச் சாய்க்க முடியாது, வலிக்கும். அதனால் திருப்பும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். படம் நிமிர்ந்தது. விவரம் சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். ஒப்பீட்டை ஓடவிட்டார். சிவப்பு. அடுத்த படத்துக்கு நகர்ந்த நொடியில் படம் பார்க்கும் மென்பொருள், நிமிர்த்திய படத்தைக் கேட்காமல் கொள்ளாமல் பழையதன் மேலேயே சேமித்துவிடுகிறது. தொட்டவர் பட்டியலில் அவர் பெயர் தினமும் இருந்திருக்கிறது. ஆசிரியர் பார்வையிட்டிருக்கிறார், அதில் என்ன என்று அவர் கண்ணே தாண்டிப் போயிருக்கிறது.

ஊரையெல்லாம் சலித்தவர், தன்னை மட்டும் சல்லடைக்கு வெளியே வைத்துவிட்டார்.

கண்ணாடிக்காரி கேன்டீனில் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். மேடம் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"கேட்டேனே மேடம். நீங்க பாத்த பார்வையில வாயடைச்சுப் போச்சு. அதான் தெனம் வெள்ளன வந்து பழசையே எடுத்து வச்சிட்டிருந்தேன்." டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "காப்பகத்துல கூப்பிடல. படிப்பு முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்கன்னு மாமா சொல்லிட்டாரு. அக்காவால எதுவும் பேச முடியல."

மேடம் அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டார். அந்தப் பெண் தங்கம் என்றார், தான் சொன்னது தப்பு என்றார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப மாத்திச் சொல்றீங்க. முதல்ல வந்ததுதான் மூலம், மாறினத நம்பாதேன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. அந்தப் பொண்ணு வந்து அழுதாளா?"

மேடத்துக்குச் சுரீரென்றது. தன் வாயால் சொன்னதே திரும்பி வந்து அறைந்தது. நியாயமான கேள்வியும்கூட, அவராயிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

அடுத்த நாள் டிஸ்கின் பிரதியை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு நேரில் போனார். அதிகாரியும் அவர் கீழே வேலை செய்பவர்களும் சுற்றி நின்றார்கள்; பாதிப் பேர் மேடத்திடம் படித்தவர்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் ஒரு படத்தைத் திறந்தார், நிமிர்த்தினார், அடுத்ததற்குப் போனார், ஒப்பீட்டை ஓடவிட்டார். சிவப்பு விழுந்தது.

"யாரு மாத்தினா மேடம்?" என்றார் அதிகாரி. கிண்டல் இல்லை, வகுப்பில் கேட்கப் பழகிய கேள்வி.

"நான்."

"ஏன்?"

"கழுத்து வலி."

யாரும் சிரிக்கவில்லை. மேடத்தின் காது மட்டும் சிவந்திருந்தது. "ரெண்டும் தெரிஞ்சுபோச்சு மேடம்" என்றார் அதிகாரி. "இனி நம்பலாம்."

கண்ணாடிக்காரிக்கு வேலை கிடைத்தது. அக்கா வீட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு கிளம்பி, காப்பகத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். ஸ்டுடியோ படங்களும் பிறகு காப்பகத்துக்கே போயின. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. ஒருநாள் அவள் போன் செய்தாள்.

"மேடம், உங்களுக்கு அக்கவுன்ட் திறந்துட்டேன். நீங்க எங்கிருந்து வேணும்னாலும் படங்களப் பாக்கலாம். பாக்க மட்டும்தான் முடியும்."

"என்ன நம்பலையா நீ?"

முன்பைப் போல அவள் பின்வாங்கவில்லை.

"இல்ல மேடம், நம்பல."

மேடம் போனை வைத்துவிட்டுப் படங்களைத் திறந்தார். கம்பெனி ஊழியர்கள் முதலாளியோடு பக்கவாட்டில் படுத்திருந்தார்கள். திருப்பும் பொத்தானைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அதையும் நம்பாமல் இன்னொரு தரம் தட்டினார். பிறகு கழுத்துப்பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.