படகுத்துறைக்கு வந்த நீதிமன்றம்

கென்டக்கியில் லிக்கிங் ஆற்றில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் படகு விட்டுக்கொண்டிருந்த ஜேபஸ் விட்லோவைப் பன்றி திருடினான் என்று நீதிமன்ற வாசலில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். தீர்ப்புச் சொன்ன மாஜிஸ்திரேட் பார்னபஸ் கிரேலுக்குச் சொந்தமான பன்றிதான் அது. மறுவாரமே காட்டிலிருந்து குட்டிகளோடு திரும்பி வந்துவிட்டது. கிரேல் தன் சாராய விடுதி வாசலில் நின்றபடி, "படகுக்காரன் முதுகுதானே, தாங்கும்!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட ஜேபஸின் மகன் எலிஹு வீட்டுக்கு ஓடிப்போய்க் கோடரியை எடுத்தான். அம்மா கதவை மறித்துக்கொண்டாள்.

"அவனக் கொன்னா உன்னத் தூக்குல போடுவாங்கடா. அவன் உசுரத் தொடாத, பொழப்புல கை வை."

எலிஹு லெக்சிங்டனுக்குப் போய் ஒரு வக்கீலின் அலுவலகத்தைப் பெருக்கிக்கொண்டே சட்டம் படித்தான். வக்கீலானதும் ஆற்றோரத்து ஜனங்களின் வழக்குகளையெல்லாம் எடுத்து நடத்தினான். பிறகு மாநிலச் சட்டசபைக்கு நின்றான். அந்தக் காலத்தில் ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுப் பதியும் மேசைக்குப் பின்னால் அதிகாரியாகக் கிரேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, படகுக்காரர்கள் அவர் முகத்துக்கு நேரே "விட்லோ!" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

சபையில் யார் பாலம் கேட்டாலும், சாலை கேட்டாலும் எலிஹு கை தூக்கினான். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: மாவட்ட நீதிமன்றம் கிரேலின் ஊரைவிட்டுப் படகுத்துறைக்கு வர வேண்டும். இரண்டாம் குளிர்காலத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியது.

வழக்கு நாட்களின் கூட்டத்தை நம்பியே பிழைத்த ஊர் அது. கிரேல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"வக்கீலய்யா, எம்மேல உள்ள கோவத்த ஊர்மேல காட்டலாமா? எத்தன குடும்பம் இருக்கு அங்க!"

"எங்கப்பாவ அடிச்சப்ப அத்தன குடும்பமும் வேடிக்கதானே பாத்துச்சு?"

"ஒரு பன்னிக்காகவா இவ்வளவும்?"

"பன்னிதான் திரும்பி வந்துருச்சே. நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதுக்கு."

குமாஸ்தாக்களும் வக்கீல்களும் துறைக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைக்காரர்கள் மரச்சுவர்களைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஆள் வராத விடுதியைப் பூட்டிவிட்டு, இண்டியானாவில் இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டார் கிரேல். அதற்கும் ஜேபஸின் படகில்தான் ஏற வேண்டியிருந்தது.

எலிஹு கரைக்கு ஓடிவந்தான். "ஏத்தாதீங்கப்பா! நீந்திப் போகட்டும்."

ஜேபஸ் வண்டிக் குதிரையைப் பிடித்துப் படகில் ஏற்றினார். "ஏத்துனாத்தானேடா தொலைவான்!"

கிரேல் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்க்கரையில் அந்த வண்டி மரங்களுக்குள் மறையும்வரை எலிஹு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதன் பிறகு மூன்று தேர்தல்களில் அவன் ஜெயித்தான். எதிலும் அந்த நாளின் ருசி இல்லை.