பயூமியின் காதுக்குள் போகாத குரல்

பயூமி என்ற பெயரை இன்ஷிராஹ் முதன்முதலில் கேட்டது அவளுடைய சின்னம்மா மகன் ரஜபின் வாயிலிருந்து. ரஜபின் தங்கைக்கு மறுநாள் கல்யாணம். பெண்கள் மருதாணி இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எங்க தறிக்கூடத்துல பயூமின்னு ஒருத்தன் இருக்கான். நாப்பது தறி தள்ளி நிக்கிறவனுக்கும் வாயை அசைச்சே கதை சொல்லிருவான்" என்றான் ரஜப்.

எகிப்தில் நெசவாலைக்குப் பேர்போன ஊர் மஹல்லா. அங்கே ஆலைக்கு ஆள் அனுப்பாத வீடு ஏது? தறி ஓடுகிற இடத்தில் மனுஷக் குரல் எடுபடாது. உதட்டை அகலமாக அசைப்பார்கள், கையால் காட்டுவார்கள், சத்தம் மட்டும் விட மாட்டார்கள். கடைசியில் அந்தப் பயூமிக்கே இன்ஷிராஹைக் கட்டி வைத்தார்கள்.

முப்பத்தோரு வருஷம் தறியடியில் நின்றதில் அவர் காது நரம்பு கொஞ்சங்கொஞ்சமாகப் பட்டுப்போனது. ஐம்பது வயதில் வாசற்கதவை உடைத்தாலும் தெரியாது என்றாகிவிட்டது. இன்ஷிராஹ் கத்திப் பார்த்தாள். தொண்டை புண்ணானதுதான் மிச்சம். அப்புறம் ஆலைக்காரர் பேச்சையே அவளும் பழகிக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரர் சொன்னது, மகன் ஹானி அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து போனில் சொன்னது, எல்லாவற்றையும் அவள் கேட்டு, உதட்டில் அவருக்குக் கொடுப்பாள். இருபது வருஷம் அவருடைய காது அவள்தான். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

மேல்மாடியில் இருந்த நாத்தனார் ஸனிய்யா வேறு மாதிரி. புருஷன் போனபின் அண்ணனே கதி என்று வந்தவள். அண்ணன் காதோரம் குனிந்து கத்துவாள். தெருவே திரும்பிப் பார்க்கும், அண்ணன் திரும்ப மாட்டார்.

போன குளிர்காலத்தில் ஹானி வந்து அப்பாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனான். இன்ஷிராஹும் கூடப் போனாள். ரிஹாப் என்ற இளம் டாக்டர் இரண்டு காதுக்கும் பின்னால் அவரைக்கொட்டை அளவில் மெஷினை மாட்டிவிட்டாள்.

"ஹாஜி, பட்டுப்போன நரம்பு திரும்பத் தளிர்க்காது. இது புதுக் காது இல்ல. மறந்துபோன சத்தத்தை மூளை மறுபடி படிக்கணும். தினமும் போடுங்க. முதல்ல வீட்டுல, சத்தம் இல்லாத எடத்துல, ஒரே ஆளோட பேசிப் பழகுங்க."

பயூமியின் கண் விரிந்தது. "டாக்டரம்மா, உங்க குரல் கரும்புச்சாறு மாதிரி இருக்கு!"

இன்ஷிராஹ் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷம் கழித்து அவர் கேட்ட முதல் குரல் நேற்று முளைத்த ஒருத்தியுடையதா?

வீட்டில் அதைவிட மோசம். மாடிப்படியிலிருந்தே ஸனிய்யா கத்திக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி கத்துற? மெல்லப் பேசு, கேக்குது" என்றார் பயூமி. ஸனிய்யா அழுதே விட்டாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அவர் மெஷினைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "ஹானி அம்மா, உன் குரல் மட்டும் கேக்கலியே."

"கூடப் பொறந்தவ குரல் மதினி. அது எப்படி மறக்கும்?" என்று சிரித்தாள் ஸனிய்யா.

அந்தச் சிரிப்பு இன்ஷிராஹின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அடுத்த பத்து நாளும் அவர் சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் மாடிக்குப் போய்விடுவார், தங்கையோடு தேநீர் குடிக்க. கூரைக்கு மேலே சிரிப்புச் சத்தம். கீழே இவள் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

இறங்கி வந்தவர் சொல்வார்: "நீ உருட்டுற பாத்திரம் மட்டும் மண்டைக்குள்ள இறங்குது."

அவர் குளிக்கப் போனபோது மெஷினைக் கையில் எடுத்து, கொதிக்கிற மொச்சைப் பானைக்கு நேராகப் பிடித்தாள். போட மனசு வரவில்லை. ஆனாலும் ஒன்று புரிந்தது. இப்படியே விட்டால் மனிதர் மாடியில்தான் குடியிருப்பார், தான் வெறும் சமையல்காரியாக நிற்க வேண்டியதுதான். மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"இது என்ன மெஷின்? ஊர்ல இருக்கிறவ குரலையெல்லாம் எடுக்குது, கட்டினவ குரலை எடுக்கல. மாத்திக் குடு."

ரிஹாப் சோதித்துப் பார்த்தாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. அவர்கிட்ட ஏதாவது சொல்லுங்க."

இன்ஷிராஹ் அவர் பக்கம் திரும்பி வாயை அகலமாக அசைத்தாள். ரிஹாப் காத்திருந்தாள்.

"சொல்லுங்க ஹாஜிம்மா."

"சொல்லிட்டேனே!"

"எனக்கும்தான் கேக்கல. நீங்க வாயைத்தான் அசைச்சீங்க, சத்தமே விடலியே."

இன்ஷிராஹ் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மற்ற எல்லாரிடமும் சத்தமாகப் பேசுகிறவள், அவர் முகத்தைப் பார்த்ததும் இருபது வருஷமாகக் குரலை நிறுத்திவிடுகிறாள். வீட்டில் எல்லாரும் பார்த்துப் பழகியதால் யாருக்கும் உறைக்கவில்லை.

"சரி, இப்ப சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ரிஹாப்.

"வீட்டுல போய்ச் சொல்லிக்கிறேன்" என்று எழுந்துவிட்டாள் இன்ஷிராஹ். அவர் கடைசியாகக் கேட்டபோது அவளுக்கு நாற்பது சொச்சம். இப்போது அறுபத்தாறு. அந்தக் கரும்புச்சாற்றுக்குப் பக்கத்தில் இந்தக் கிழட்டுக் குரலை வைக்க அவளுக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்து, அவரை அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "கேக்குதா?" என்றாள்.

பயூமி திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "உங்க அம்மா குரல் மாதிரியே இருக்கு!" மாமியார் என்றால் அவருக்கு அந்தக் காலத்தில் நடுக்கம்.

"டாக்டர்காரி குரல் கரும்புச்சாறு, என்னுது எங்கம்மா குரலா?"

"திட்டு, திட்டு. நிறுத்தாத. பேசப் பேசத்தான் பழகும்னு டாக்டரம்மா..."

"அவ பேரை இந்த அடுக்களையில எடுக்காதீங்க!"

முதல் வாரம் அவள் பேச்சு அவருக்குத் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்டது. பாதி வார்த்தை உள்ளே போகவில்லை. அவளும் மறந்துபோய் உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் மேசையைத் தட்டி, "சத்தம் எங்க?" என்பார். மாசம் ஒன்று போனபின் பேச்சு தெளிந்தது. ஸனிய்யா மாடியிலிருந்து கூப்பிட்டால், "டாக்டர் ஒரே ஆளோட பேசச் சொல்லியிருக்கு" என்று இவளே பதில் கொடுப்பாள்.

பயூமிக்கு இப்போது எழுபத்திரண்டு நடக்கிறது. மஹல்லாவில் அதே வீட்டில்தான் இருக்கிறார். காலையில் மெஷின் இரண்டையும் மாட்டிக்கொண்டு அஸர் வரை இன்ஷிராஹோடு அடுக்களையில் இருக்கிறார். தங்கை வீட்டுத் தேநீருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போகிறார்.