ஷட்டகரின் வெள்ளை வண்டி

மாதா மாதம் கிருத்திகைக்கு மயிலாப்பூரிலிருந்து வடபழனி கோயிலுக்கு இரண்டு கார்களில் போவோம். முன்னால் என் வண்டி. பின்னால் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் ஷட்டகரின் வெள்ளை வண்டி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவர் ஒரு வருஷம் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார். நான் வாங்குவதற்குள் சட்டம் வந்து, என் வண்டியின் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரைப் பொருத்தித் தந்தார்கள். ஐந்து வருஷத்தில் என் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது ஷட்டகர் தவறாமல் என்னை முந்துவார். முந்தும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவார். "அத்திம்பேர் வண்டி எப்படி வழுக்கிண்டு போறது பாருங்கோ" என்பாள் என் மனைவி. எனக்கு வயிறு எரியும். மாமியார் எப்போதும் என் வண்டியில்தான் ஏறுவார். கனத்தை என் தலையில் கட்டிவிட்டு மனுஷன் பறக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துப் பொருமுவேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வடபழனியில் எங்கள் இருவருக்கும் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இந்த கன்வர்ட்டர் கீற வரிக்கும் வண்டி இப்டித்தான் சார் முக்கிக்கினு போவும். அத்த கயட்டிட்டு வெறும் பைப்ப மாட்டினா சொம்மா பறக்கும்."

மேம்பாலத்தில் நான் கையாட்டுவதுபோல் அப்போதே நினைத்துப் பார்த்துக்கொண்டேன். "சரி, கழட்டினதை என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆளு கீது சார். உங்க சொந்தக்காரர்தான், வெள்ள வண்டி. அவுரு வண்டில மாட்டணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கினு கீறாரு. மாமியாரு அதுல ஏற மாட்டேன்றாங்களாம். பொகை நாத்தத்துல தல சுத்துதாம். சின்ன மாப்ள வண்டிதான் வேணுமாம். மனுசனுக்கு அதுல ஒரே காண்டு."

நான் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கன்வர்ட்டரை நான் கழட்டாமல் விட்டது ஊர்க் காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று அல்ல. அது அவர் வண்டிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த கிருத்திகையன்று ஷட்டகர் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, இந்தத் தடவை இதுல வாங்கோளேன்."

"வேண்டாம்ப்பா, நேக்கு இதுதான் சௌகரியம்" என்று மாமியார் என் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மேம்பாலத்தில் ஷட்டகர் வழக்கம்போல் என்னை முந்தினார். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு அன்றும் வயிறு எரிந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கை நீளவில்லை.