முப்பதில் நிற்காத பர்ஹான்

பர்ஹான் சாய்ந்தமருதுக் கடலில் நீந்திப் பழகியவன். இருபத்தொன்பது வயது. அறுகம்பேக் கரையில் உயிர்காப்பாளர் வேலை. அலையில் அகப்பட்டுத் தத்தளிக்கிற வெள்ளைக்காரர்களை இழுத்து வந்து மணலில் போட்டுவிட்டு, "நெக்ஸ்ட் டைம் கெயார்புல்" என்று சொல்லிவிட்டுப் போவான். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரன். ஆனால் கடலில் நீந்துகிறவன் எதையும் எண்ணத் தேவையில்லை. களைத்தால் கரைக்கு வரலாம், அவ்வளவுதான்.

ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் போட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களே, அது வேறு சங்கதி. ஐம்பது மீற்றர் தடாகத்துக்குள் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு முப்பது தடவை நீந்த வேண்டும். பர்ஹான் கொழும்பில் பயிற்சிக்குப் போன முதல் மாதம், பதினொன்றா பன்னிரண்டா என்று நடுத் தண்ணீரில் நின்று யோசித்தான். கோச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டான். ஏழு வயதில் இருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் விரல் மடித்து ஓதுகிற தஸ்பீஹ் இருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டான். சுவரை உதைத்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு 'சுப்ஹானல்லாஹ்'. அன்றிலிருந்து கணக்குத் தவறவில்லை. முப்பதாவதில் கோச் சுவரோரம் குந்தி இருந்துகொண்டு, "போதும், போதும்!" என்று கத்துவார். இவனும் நிறுத்துவான்.

இப்படியே ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் வந்துவிட்டான். பதக்கம் எடுக்கப் போகிறான் என்று யாரும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. அணி முகாமையாளர் ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தார். பதினேழு நிமிடத்துக்குள் வந்தால் இன்னும் இரண்டு வருடம் அணியில் இடம். வராவிட்டால் இதோடு சரி. பர்ஹானின் மிகச் சிறந்த நேரம் பதினேழு நிமிடம் ஆறு வினாடி.

இதற்குள் அவனது மனைவி பஸ்லியாவின் காக்கா, அதாவது மூத்த அண்ணன், காலிதீன் வேறு. அக்கரைப்பற்றில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். "மச்சான், நீந்தினது காணும். மீனுந்தான் நீந்துது, அதுக்கு ஆரு சம்பளம் குடுக்காங்க? நம்மட கடையில வந்து இரிங்க" என்று விடாமல் நச்சரித்தார். பதினேழைத் தாண்டினால் கடைக்கு வந்துவிடுகிறேன் என்று பர்ஹானும் வாக்குக் கொடுத்துவிட்டான். பஸ்லியாவிடம் கேட்டதற்கு, "முதல்ல போயிற்று வாங்க, பார்ப்பம்" என்றாள். அவளும் காக்காவின் பக்கம்தான் என்று இவன் முடிவுகட்டிக்கொண்டான்.

மெதுவானவர்களுக்கான சுற்று காலையிலேயே நடந்தது. ஐந்து பேர். பார்வையாளர் இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. பயிற்றுவிப்பாளர்கள் தண்ணீருக்குக் கிட்ட வரக் கூடாது என்று கோச்சை மேலே கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். பர்ஹான் பிஸ்மி சொல்லிக் குதித்தான்.

என்ன பிரமாதமாகப் போனது தெரியுமா! இருபது வரைக்கும் களைப்பே தெரியவில்லை. இருபத்துநான்கில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. இன்னும் எத்தனை நீளம் மிச்சம் என்று சுவரடியில் தண்ணீருக்குள் காட்டுகிற இலக்க அட்டை வெறும் மஞ்சள் கலங்கலாகத் தெரிந்தது. போகட்டும், நமக்கென்ன அட்டை, நம்மிடம் கணக்கு இருக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தான். கடைசி நூறு மீற்றருக்கு அடிக்கிற மணி கேட்டது. பக்கத்துத் தடத்திலும் அதே நேரம் மணி அடித்தது. கேட்டதெல்லாம் பக்கத்தில் நீந்துகிறவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

முப்பதாவது சுவர் வந்தது. நிற்க வேண்டிய இடம். காலால் ஒரு உதை உதைத்துத் திரும்பினான் பாருங்கள், மேலே இருந்த கோச் மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தொழுகைக்குப் பிறகு சுப்ஹானல்லாஹ் முப்பத்துமூன்று தடவை. இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓதிய நாக்கு, உடம்பு களைத்து மூளை வேலை செய்யாத நேரத்தில் முப்பதில் நிற்குமா?

மற்ற நான்கு பேரும் ஓய்ந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. ஆகா, நமக்குத்தான் தட்டுகிறார்கள் என்று பர்ஹான் இன்னும் வேகமாகக் கையை வீசினான். முப்பத்துமூன்றாவதில் சுவரைத் தொட்டு, கண்ணாடியைக் கழற்றி, நேரப் பலகையைத் தேடினான். பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மனுசன் முடித்தது மறுபக்கத்தில்.

விசயம் விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிது பயம். மூன்று நீளம் கூட நீந்தினால் நேரமும் இரண்டு நிமிடம் கூடிவிடுமே. எல்லாம் முடிந்தது என்று தண்ணீரில் இருந்து ஏறவே மனமில்லாமல் கிடந்தான். அந்த டைல்ஸ் கடையின் சிமெந்துத் தூசி இப்போதே மூக்கில் ஏறியது.

கோச் படிகளில் விழுந்தடித்து ஓடி வந்தார். "டேய், பதினாறு ஐம்பத்தெட்டு!" என்று கத்தினார். முப்பதாவதில் உதைத்தானே, அந்தக் கால் பட்டதுமே சுவரில் பொருத்தியிருந்த தொடுபலகை நேரத்தைப் பதிந்துவிட்டது. இந்த நீச்சலில் உடம்பில் எது பட்டாலும் செல்லும். அதற்குப் பிறகு நீந்தியது அவனது சொந்த விருப்பம் என்று நடுவர் சிரித்துக்கொண்டே கையொப்பம் போட்டார்.

உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து வீட்டுக்குக் கோல் எடுத்தான்.

"பார்த்தியா புள்ள?"

"போனுல பார்த்தன். ஊரே பார்த்திச்சி. சிரிச்சிச் சிரிச்சி வயிறு நோகுது."

"சிரி, சிரி. பதினேழுக்குள்ள வந்திட்டன், அல்ஹம்துலில்லாஹ். இனி உங்கட காக்காக்கு என்ன சொல்றது?"

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. நீங்க பிளேன் ஏறின அண்டைக்கே நான் சொல்லிட்டன்."

"என்னத்த?"

"அவரு கடைக்கு வரமாட்டாரு, வேற ஆளப் பாருங்க எண்டு."

பர்ஹான் வாங்கில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப, பதினேழுக்கு மேல போயிருந்தா?"

"போயிருந்தா என்ன, அணியில இல்லாட்டியும் நீந்தலாம்தானே. லீவு நாளையிலயே நீங்க வீட்டுக்குள்ள இரிக்கிற இரிப்ப நான் பார்க்கிறன். உங்களக் கடைக்குள்ள வெச்சிப் பார்க்க எனக்கு ஏலா."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல சந்தோசத்தில் வந்த அழுகைதான். துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, பொய்க்கோபத்தோடு கேட்டான்.

"அத எனக்கிட்ட முதல்லயே சொன்னா என்ன? நான் எவ்வளவு பயந்து செத்தன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா" என்றாள் பஸ்லியா, "பதினாறு அம்பத்தெட்டு வந்திருக்குமா?"